மூன்றும் பிடித்தவள் எந்தக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பது?

"எல்லாம் பிடிக்கும்னா எதுவும் சரியா வராதும்மா. ஒண்ணைச் சொல்லு." ஆர்.கே. புரம் மலை மந்திர் படிகளில் இறங்கி வரும்போது ஒரு தகப்பனார் தன் மகளிடம் சொன்னது இது. கோபமாகச் சொல்லவில்லை, கவலையோடுதான் சொன்னார். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடித்த பெண். அவளுக்கு இயற்பியல் பிடிக்கும், பொருளாதாரம் பிடிக்கும், பள்ளியில் ஆறாவது பாடமாக எடுத்த தமிழும் பிடிக்கும். "மூணுமே பிடிக்குதுப்பா" என்று ஒரு தடவை சொன்னாள். அதற்கு வந்த பதில்தான் அந்த வாக்கியம். அப்புறம் அவள் ஒன்றும் பேசவில்லை, குனிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள்.

ஏப்ரலிலிருந்து ஆகஸ்ட் வரை தில்லித் தமிழ் வீடுகளில் இந்தப் பேச்சு கேட்டுக்கொண்டே இருக்கும். ஒன்றில் மட்டும் தீவிரமாக இருக்கிற பிள்ளைக்கு வழி சொல்வது எளிது. நாலு பக்கமும் கண் போகிற பிள்ளையைக் 'குழப்பத்தில் இருக்கிறாள்' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. அவளிடம் குழப்பம் எதுவும் இல்லை, நாம் கேட்கிற கேள்வியில்தான் கோளாறு. உனக்குப் பிடித்த ஒன்று எது என்று எந்தப் பல்கலைக்கழக விண்ணப்பமும் கேட்பதில்லை. என்னென்ன தாள் எழுதினாய், எந்த வரிசையில் இடம் வேண்டும் என்று இரண்டே விஷயத்தைத்தான் கேட்கிறது. இந்த இரண்டுக்கும் பதில் சொல்ல, பிடித்ததில் எதையும் அன்றைக்கே கைகழுவ வேண்டியதில்லை. எந்தக் கதவு எப்போது மூடும் என்று தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

மூடும் கதவுகள்

முதல் கதவு பதினொன்றாம் வகுப்பிலேயே மூடத் தொடங்குகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் 2022 முதல் இளநிலைச் சேர்க்கை, க்யூட் என்கிற பொது நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணை வைத்துத்தான். க்யூட் நடத்துகிறவர்கள் எந்தத் தாளை வேண்டுமானாலும் எழுத விடலாம். ஆனால் பன்னிரண்டாம் வகுப்பில் படித்த பாடத்தில் எழுதிய தாளைத்தான் தில்லிப் பல்கலைக்கழகம் கணக்கில் எடுத்துக்கொள்ளும். ஆண்டுதோறும் சிலர் இடறி விழுகிற இடம் இது. பள்ளியில் உயிரியல் படிக்காத பையன் ஆசைப்பட்டு உயிரியல் தாள் எழுதி நல்ல மதிப்பெண்ணும் வாங்கியிருப்பான். விண்ணப்பத்தில் அது செல்லாது.

2025 முதல் ஒருவர் அதிகபட்சம் ஐந்து தாள் எழுதலாம். ஒவ்வொன்றும் 60 நிமிடம், 50 கேள்வி, எல்லாமே கட்டாயம். சரியான விடைக்கு 5, தவறானதற்கு 1 கழியும், ஆக ஒரு தாளுக்கு 250. ஐந்தே இடம் என்பதால் ஒவ்வொன்றையும் யோசித்து நிரப்ப வேண்டும். மலை மந்திர் பெண்ணை எடுத்துக்கொள்வோம். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் எழுதியாக வேண்டும். மொழித்தாள் ஒன்று கட்டாயம், அவள் ஆங்கிலம் எழுதுவாள். இந்த நான்கிலேயே எத்தனை கதவு திறக்கிறது பாருங்கள். இயற்பியல் ஆனர்ஸ், கணித ஆனர்ஸ் உண்டு. பொருளாதார ஆனர்ஸுக்கு ஒரு மொழி, கணிதம், கூடவே பட்டியலில் உள்ள ஏதேனும் இரண்டு பாடம் கேட்கிறார்கள். இயற்பியலும் வேதியியலும் அந்தப் பட்டியலில் இருப்பதால் அதுவும் உண்டு. வரலாறு, சமூகவியல், தத்துவம், அரசியல் அறிவியல் எல்லாவற்றுக்கும் மொழியோடு மூன்று பாடம் போதும். அதற்கும் அவளுக்குத் தகுதி இருக்கிறது.

ஐந்தாவது இடத்தில் என்ன எழுதுவது? பி.எம்.எஸ். மாதிரியான மேலாண்மைப் படிப்புகள் மேல் கண் இருந்தால் பொதுத் திறன் தேர்வு எழுத வேண்டும், அவற்றுக்கு மொழியும் கணிதமும் அதுவும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். மேலாண்மை வேண்டாம் என்றால் அந்த இடத்தில் தமிழ் எழுதலாம். க்யூட்டில் உள்ள 13 மொழிகளில் தமிழும் ஒன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தின் மொழிப் பட்டியலிலும் அது இருக்கிறது. தில்லித் தமிழ்ப் பள்ளிகளில் படித்த எத்தனையோ பிள்ளைகள் இது தெரியாமலேயே ஆங்கிலத் தாளோடு நின்றுவிடுகிறார்கள். மொழித்தாள் பெரும்பாலும் பத்தி வாசிப்பை ஒட்டியது, ஆங்கிலத்தில் 180 எடுக்கிற பிள்ளை தமிழில் 220 எடுக்கக்கூடும். அந்த 40 மதிப்பெண்ணில் ஒரு கல்லூரியே மாறிவிடும்.

எதிர்த் திசையில் இந்தக் கதவுகள் திறப்பதில்லை. வரலாறு, அரசியல், பொருளாதாரம் படித்துக் கணிதத்தை விட்ட பிள்ளைக்கு இயற்பியல் கிடையாது, புள்ளியியல் கிடையாது, பொருளாதார ஆனர்ஸ்கூடக் கிடையாது. கணிதம் கையில் இருப்பவர் வரலாறு, தத்துவம் மாதிரியான கலைப் பாடங்கள் பக்கம் போகலாம், அந்தப் பக்கத்திலிருந்து இங்கே வருவது ஏறக்குறைய முடியாது. அதனால் பலவற்றில் ஆர்வமுள்ள பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு என் யோசனை ஒன்றுதான்: எந்தப் பிரிவு எடுத்தாலும் கணிதத்தை விடாதே, ஐந்து பாடத்தோடு ஆறாவதாக ஒன்றைச் சேர்த்துக்கொள். 'அப்படியானால் எல்லாரும் சயன்ஸ் எடுத்துவிட வேண்டியதுதானே' என்று இதற்கு அர்த்தம் பண்ணிக்கொள்ளக் கூடாது. வேதியியலைச் சகிக்க முடியாத பிள்ளை அந்தத் தாளில் 90 வாங்கினால், மொத்தம் சரிந்து, வரலாற்று ஆனர்ஸுக்குக் கிடைத்திருக்க வேண்டிய நல்ல கல்லூரியும் போய்விடும். கதவு திறந்திருக்கும், உள்ளே போக மதிப்பெண் இருக்காது. கணிதம், பொருளாதாரம், வரலாறு என்று சேர்த்துப் படிக்க விடுகிற பள்ளிகள் உண்டு. அப்படி ஒன்று பக்கத்தில் இருந்தால் கொஞ்சம் அலைந்தாவது அங்கே சேர்ப்பது நல்லது.

தில்லிப் பல்கலைக்கழகம் நுழையும்போதே மேஜரை, அதாவது முதன்மைப் பாடத்தை, கேட்டுவிடுகிறது. எல்லா இடமும் அப்படியல்ல. ஐசர் என்கிற மத்திய அரசின் அறிவியல் கல்வி ஆய்வு நிறுவனம் ஏழு வளாகங்களில் இருக்கிறது. அதன் ஐந்தாண்டு பி.எஸ்.–எம்.எஸ். படிப்பில் தொடக்க ஆண்டுகளில் இயற்பியல், வேதியியல், உயிரியல், கணிதம் எல்லாவற்றையும் எல்லாரும் படித்த பிறகுதான் மேஜர். அதன் நுழைவுத் தேர்வான ஐ.ஏ.டி.யில் 60 கேள்வி, நான்கு பாடத்துக்கும் பதினைந்து பதினைந்து. பன்னிரண்டாம் வகுப்பில் இந்த நான்கில் மூன்று படித்திருந்தால் போதும். உயிரியல் படிக்காதவளும் எழுதலாம், கணிதம் படிக்காதவனும் எழுதலாம். படிக்காத பாடத்தின் பதினைந்து கேள்விக்கு மட்டும் அடிப்படையைத் தேற்றிக்கொள்ள வேண்டும். போபால் வளாகத்தில் பொருளாதார அறிவியலும் உண்டு என்பதை இயற்பியலும் பொருளாதாரமும் பிடித்தவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் (ஐ.ஐ.எஸ்.சி.) நான்காண்டு பி.எஸ். படிப்பில் முதல் மூன்று செமஸ்டர் எல்லாருக்கும் பொது, நடுவே கலைப் பாடமும் வரும், அதன் பிறகு மேஜர். சோனிபத்தில் உள்ள அசோகா, பெங்களூருவில் உள்ள அஸிம் பிரேம்ஜி ஆகிய தனியார் பல்கலைக்கழகங்கள் பல துறைகளைச் சேர்த்துப் படிக்கவென்றே பாடத்திட்டம் அமைத்தவை. கட்டணம் ஒன்றுக்கொன்று வெகுவாக மாறும். உதவித்தொகைக்கான தேதி பெரும்பாலும் சேர்க்கைத் தேதியோடு ஒட்டியே வருவதால் பன்னிரண்டாம் வகுப்பு அரையாண்டுக்கு முன்பே பார்த்துவிட வேண்டும்.

ஏணியும் தோட்டமும்

இனி அவளுடைய மூன்று ஆர்வங்களுக்கு வருவோம். மூன்றும் ஒரே மாதிரியான ஆர்வம் அல்ல என்பதை வீடுகளில் யாரும் கவனிப்பதில்லை. சில பாடங்கள் ஏணி மாதிரி. இரண்டாம் படி இல்லாமல் மூன்றாம் படியில் கால் வைக்க முடியாது. கணிதமும் இயற்பியலும் அப்படி. இரண்டு வருஷம் விட்டுவிட்டால் திரும்பப் பிடிக்க நாலு வருஷம் ஆகும், சோதனைக்கூடத்தை வீட்டில் வைத்துக்கொள்ளவும் முடியாது. சில பாடங்கள் தோட்டம் மாதிரி. எந்த வேலிப்படல் வழியாகவும் உள்ளே வரலாம், எந்த வயதிலும் வரலாம். இலக்கியமும் வரலாறும் பெரிய அளவில் அப்படித்தான். பொருளாதாரம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, வெளியிலிருந்து பார்த்தால் தோட்டம், உள்ளே போனால் ஏணி. நாளிதழில் பட்ஜெட் கட்டுரைகளை ஆசையாகப் படித்துவிட்டுப் பொருளாதார ஆனர்ஸில் சேர்கிற பிள்ளைகள் முதல் ஆண்டிலேயே வகைநுண்கணிதத்தில் முட்டிக்கொள்கிறார்கள். பிறகு புள்ளியியல், அதன் மேல் எகனாமெட்ரிக்ஸ் என்கிற பொருளாதார அளவியல்.

ஆகவே ஆனர்ஸ் என்கிற அந்த ஒரு இடத்தை, தனியாக ஏற முடியாத ஏணிக்குக் கொடுப்பது நல்லது என்பது என் கட்சி. பல நாள் இதையே முழு விடையாக நினைத்துக்கொண்டிருக்கலாம், ஆனால் முழு விடை இல்லை. வரலாறு தோட்டம்தான், யாரும் வாங்கிப் படிக்கலாம். ஆனால் பதினைந்து பக்கக் கட்டுரை ஒன்றை எழுதிக் கொடுத்து, 'இந்த முடிவுக்கு உன்னிடம் ஆதாரம் எங்கே' என்று ஓரத்தில் ஓர் ஆசிரியர் எழுதித் திருப்பித் தருவது வீட்டில் கிடைக்காது. ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்து ஒரு கோப்பை எப்படி வாசிப்பது என்று யாராவது பக்கத்தில் இருந்து காட்ட வேண்டும். ஆகையால் வரலாற்றை வாசிக்க மட்டும் ஆசையா, வரலாற்றை எழுதவும் ஆசையா என்று பிள்ளை தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். எழுத ஆசை என்றால் அதுவும் ஏணிதான், அதற்கும் அந்த இடத்தைக் கொடுக்கலாம்.

இதைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி இருக்கிறது. பல்கலைக்கழக இணையதளத்திலிருந்து அந்தந்தத் துறையின் மூன்றாம் செமஸ்டர் பாடத்திட்டத்தையும் பழைய வினாத்தாள் ஒன்றையும் இறக்கிக்கொள்ளுங்கள். முதல் செமஸ்டர் வேண்டாம், அது பள்ளிப் பாடத்தின் தொடர்ச்சி மாதிரி இருந்து ஏமாற்றும். மூன்றாம் செமஸ்டர் தாளைக் கையில் வைத்துக்கொண்டு, விடை தெரிகிறதா என்று பார்க்காமல், இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொள்ள எனக்கு ஆசையாக இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். மூன்று துறைக்கும் சேர்த்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போதும். ஆசை என்று நினைத்திருந்த ஒன்று அன்று மாலைக்குள் தானாக உதிர்ந்துவிடுவதும் உண்டு. உண்மையிலேயே மூன்றும் நிற்பதும் உண்டு.

பட்டியல்

எல்லாம் வந்து முடிகிற இடம், தில்லிப் பல்கலைக்கழகம் இடம் ஒதுக்குகிற சி.எஸ்.ஏ.எஸ். தளத்தில் விருப்ப வரிசையை நிரப்பும் நாள்தான். ஒவ்வொரு வரியும் ஒரு படிப்பும் ஒரு கல்லூரியும் சேர்ந்த ஜோடி. எத்தனை ஜோடி வேண்டுமானாலும் போடலாம். உங்கள் மதிப்பெண்ணுக்கு எட்டுகிறவற்றில் வரிசையில் எது மேலே இருக்கிறதோ அதை மட்டும் கணினி தரும். தந்த மறுகணமே அதற்குக் கீழே இருக்கிற எல்லா ஜோடியும் அழிந்துவிடும்.

தவறு நடப்பது இப்படி. இரவு பத்து மணிக்கு அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அண்ணா என்று எல்லாரும் மடிக்கணினியைச் சுற்றி உட்காருவார்கள். "முதல்ல பெரிய காலேஜ் பேரெல்லாம் போட்டுடு, உள்ள போனா போதும்" என்று ஒரு குரல் வரும். புகழ்பெற்ற கல்லூரி ஒன்றின் பெயரில் பொருளாதாரம், இயற்பியல், வரலாறு, அதோடு பிள்ளை ஒருநாளும் நினைத்துப் பார்க்காத இன்னும் ஏழெட்டுப் படிப்பு என்று வரிசையாக ஏறும். அதற்கும் கீழேதான் அடுத்த கல்லூரியின் இயற்பியல் வரும். முதல் சுற்றில் பிள்ளைக்கு அந்தப் பெரிய கல்லூரியில் ஒன்பதாவதாகப் போட்ட படிப்பு கிடைக்கும். பதினெட்டாவது வரியில் இருந்த இயற்பியலுக்கு அவள் மதிப்பெண் தாராளமாக எட்டியிருக்கும். அந்த வரி இப்போது இல்லை. இனி மேலே உள்ள எட்டு வரிக்கு மட்டும் காத்திருக்கலாம். கிடைத்ததை ஏற்காமல் விட்டால் அடுத்த சுற்றுகளிலேயே இடமில்லை. குடும்பமே சேர்ந்து அன்போடு செய்கிற தவறு இது. நாலு வருஷம் அதைச் சுமக்கப் போவது அந்தப் பிள்ளை.

பல ஆர்வம் உள்ளவர்கள்தான் இதில் அதிகம் மாட்டுகிறார்கள். 'எதுவானாலும் படிப்பாள்' என்று மற்றவர்கள் எடுத்துக்கொள்வதே காரணம். எல்லாம் பிடித்தவள் என்பதும் எதுவானாலும் சரி என்பவள் என்பதும் ஒன்றல்ல.

வரிசையைச் சரியாகப் போட இரண்டு இரண்டாக ஒப்பிடுவது நல்ல முறை. ஒவ்வொரு ஜோடியையும் தனித் துண்டுக் காகிதத்தில் எழுதுங்கள், முப்பது நாற்பது துண்டு வரும். இரண்டைக் கையில் எடுத்து, மேலே இருப்பது கிடைத்துக் கீழே இருப்பது கை நழுவினால் வருத்தப்படுவேனா என்று பிள்ளை மட்டும் பதில் சொல்ல வேண்டும். ஆம் என்றால் இடத்தை மாற்றுங்கள். 'வெங்கடேஸ்வரா கல்லூரியில் இயற்பியல், வடக்கு வளாகத்தில் ஒரு கல்லூரியில் பொருளாதாரம்' என்று இரண்டு துண்டு கையில் வந்தால் படிப்பு, கல்லூரி, தினமும் மெட்ரோவில் போகும் நேரம் மூன்றும் சேர்ந்தே எடைபோடப்படும். ஆர்.கே. புரத்திலிருந்து, வெங்கடேஸ்வரா இருக்கிற தௌலா குவான் பக்கம் எட்டிப் பிடித்துவிடலாம். வடக்கு வளாகத்துக்கான விஸ்வவித்யாலயா நிலையத்துக்குப் போய்வருவதில் தினம் இரண்டு மணி நேரம் கரையும், இரண்டாவது ஆர்வத்துக்கு ஒதுக்க வேண்டிய இரண்டு மணி நேரம் அது. துண்டுகள் நகராமல் நின்ற பிறகு தளத்தில் ஏற்றுங்கள்.

மேல் வரிகளில் எட்டாத ஆசையைப் போட்டால் கீழே உள்ளது பாதிக்கும் என்று சிலர் பயப்படுவார்கள். பாதிக்காது. எட்டாத வரியைக் கணினி தாண்டிப் போய்விடும், அவ்வளவுதான். கடைசித் தேதிக்கு முன் பல்கலைக்கழகம் உத்தேச ரேங்க் வெளியிட்டு, வரிசையை மாற்றச் சிறிது அவகாசம் தரும். அப்போது பதற்றத்தில் நல்ல வரிகளைக் கீழே இறக்கிவிடாதீர்கள். போன ஆண்டுகளின் குறைந்தபட்ச மதிப்பெண்ணை ஒப்பிடும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 2024 வரை பாடத்தாளுக்கு 200, நான்கு தாள் கூட்டினால் 800. 2025-இல் அது 250, 1000 ஆனது. 2024-இன் 740-ஐயும் 2025-இன் 740-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகிழ்ந்தோ மனம் உடைந்தோ போகக் கூடாது.

இடம் கிடைத்தபின், மேல் வரிகளுக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லும் 'அப்கிரேட்' அழுத்துவதற்கு முன்பும் ஒரு கணம் நில்லுங்கள். மேலே உள்ள வரி கிடைத்துவிட்டால் கையில் இருப்பது தானாக ரத்தாகும், திரும்பி வர முடியாது. மேலே உள்ளவை எல்லாம் இப்போதும் இதைவிட வேண்டியவைதானா என்று பார்த்துவிட்டு அழுத்துங்கள்.

பி.ஏ. புரோகிராம் பற்றியும் சொல்லியாக வேண்டும். பழைய 'பாஸ் கோர்ஸ்' நினைப்பில் நம் வீடுகளில் அதை இரண்டாந்தரமாகப் பார்க்கிறார்கள். இரண்டு துறையைச் சமமாகச் சேர்த்துப் படிக்க அதில்தான் நேரான வழி இருக்கிறது. பொருளாதாரமும் வரலாறும், ஆங்கிலமும் பொருளாதாரமும் என்று ஒவ்வொரு சேர்க்கையும் பட்டியலில் தனித்தனி வரியாக வரும், கல்லூரிக்குக் கல்லூரி சேர்க்கை மாறும். பிற்பாடு எந்த முதுகலை நினைப்பு இருக்கிறதோ, அதற்கு அந்தத் துறையில் எத்தனை கிரெடிட் கேட்கிறார்கள் என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துவிட்டால் அந்த வரியைத் தைரியமாக மேலே போடலாம்.

உள்ளே போன பிறகு

மேஜரைத் தேர்ந்தெடுத்ததோடு மற்ற இரண்டும் போய்விடுவதில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் 2022 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டரின் 22 கிரெடிட்டில் மேஜருக்கு 12. வேறு துறையிலிருந்து எடுக்க வேண்டிய ஜி.இ. தாள் ஒன்றுக்கு 4. மீதி மொழி, திறன், விழுமியத் தாள்கள். நான்கு ஆண்டும் படித்து ஒரே துறையில் ஏழு ஜி.இ. தாள், அதாவது 28 கிரெடிட் சேர்த்தால் அந்தத் துறை மைனராக, அதாவது துணைப் பாடமாக, சான்றிதழில் வரும். ஒரு செமஸ்டரில் உளவியல், அடுத்ததில் சமூகவியல், அப்புறம் ஃபிரெஞ்சு என்று மேய்ந்தால் அறிவு சேரும், மைனர் சேராது. மூன்றாம், நான்காம் செமஸ்டரில் மேஜரின் விருப்பத்தாளா ஜி.இ.யா என்று ஒன்றைத்தான் எடுக்க முடியும். மைனர் வேண்டுமென்றால் அங்கே ஜி.இ. பக்கம் போக வேண்டும் என்பதை முதல் நாளே திட்டத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டியல் போடும்போதே கல்லூரியின் இணையதளத்தில் போன செமஸ்டர் ஜி.இ. பட்டியலையும் கால அட்டவணையையும் தேடி எடுத்துப் பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். துறையே இல்லாத கல்லூரியில் அந்த ஜி.இ. வராது. கலை, வணிகவியல் மட்டும் உள்ள கல்லூரியில் வரலாற்று மாணவி இயற்பியலுக்கு எங்கே போவாள்? கணிதம், இயற்பியல் ஜி.இ. தாள்களில் பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடம் படித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். பொருளாதார ஜி.இ.க்கு எல்லாத் துறையிலிருந்தும் கூட்டம் வரும்.

மூன்றாவது ஆர்வம் நிரல் எழுதுவது, தரவு என்று இருந்தால் சென்னை ஐ.ஐ.டி.யின் இணையவழி பி.எஸ். படிப்பைக் கூடவே எடுக்கலாம். ஜே.இ.இ. வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் போதும். நேரில் ஒரு பட்டமும் இணையவழியில் ஒன்றும் ஒரே சமயத்தில் படிக்க 2022-இல் யு.ஜி.சி. அனுமதித்துவிட்டது. ஆனால் ஒரு பாடத்துக்கே வாரம் பத்து மணி நேரம் ஆகும். ஆனர்ஸோடு சேர்த்து ஒரு பருவத்துக்கு ஒரு பாடம், மிஞ்சினால் இரண்டு. நான்கையும் ஒரேயடியாக எடுத்தவர்களுக்கு இரண்டு பக்கமும் மதிப்பெண் இறங்கும்.

அந்தப் பெண்ணுக்காக ஒரு பட்டியல் போடச் சொன்னால், ஐ.ஏ.டி. எழுதச் சொல்லுவேன். க்யூட்டில் ஐந்தாவது தாளாகத் தமிழ். சி.எஸ்.ஏ.எஸ்.இல் பொருளாதாரத் துறையும் இருக்கிற கல்லூரிகளின் இயற்பியல் ஆனர்ஸ் முதலில், பிறகு இயற்பியல் துறையும் இருக்கிற கல்லூரிகளின் பொருளாதார ஆனர்ஸ். அவள் மனப்பூர்வமாகப் படிக்க மாட்டாத எந்தப் படிப்பும், எந்தப் பெரிய கல்லூரியானாலும், அந்தப் பட்டியலில் ஒரு வரிகூட வேண்டாம். தமிழுக்குத் தனி இடம் தேடி அலைய வேண்டியதில்லை, வாசிப்பு அவளோடு மெட்ரோவில் வரும். சேர்ந்த முதல் வாரம் கல்லூரியில் ஜி.இ. படிவம் தருவார்கள், இரண்டு மூன்று நாளில் மூடிவிடும். வகுப்பறை எது என்று தேடுவதற்கு முன்னால் பொருளாதாரத் துறையின் அறிவிப்புப் பலகை எங்கே இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு போய்விட வேண்டும்.